பிராட்ஃபோர்ட் சிட்டி 2012-13: கூட்டல் கணக்கும் பெருக்கல் கணக்கும்

இங்கிலாந்தின் நான்காம் நிலை கால்பந்து கிளப் ஒன்று ஒரே சீசனில் இரண்டு முறை வெம்ப்ளி மைதானத்தில் இறுதிப்போட்டி ஆடியது. முதல் முறை 2013 பிப்ரவரி 24 அன்று. 82,597 பேர் முன்னிலையில் 5-0 என்று தோற்றது. இரண்டாவது முறை மே 18 அன்று. 47,127 பேர் முன்னிலையில் 3-0 என்று ஜெயித்தது.

உலகம் இன்றும் பேசுவது முதல் ஆட்டத்துக்குப் போன கதையைத்தான். கிளப்பின் தலையெழுத்தை மாற்றியதோ இரண்டாவது ஆட்டம். அந்த கிளப் பிராட்ஃபோர்ட் சிட்டி. ஒரு அணியின் திறமையை லீக் எப்படி அளக்கிறது, கோப்பை எப்படி அளக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல சீசன் எனக்குக் கிடைக்கவில்லை. எண்களை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டதில் சில ஆச்சரியங்கள் வந்தன. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஏணியைப் பார்த்துவிடுவோம்

இங்கிலாந்தில் மேலே பிரீமியர் லீக், 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், 24. அதற்குக் கீழே லீக் ஒன், 24. அதற்கும் கீழே லீக் டூ, 24. மொத்தம் 92 கிளப். "லீக் டூ" என்ற பெயரைப் பார்த்து இரண்டாம் நிலை என்று நினைத்துவிடக் கூடாது, அது நான்காம் நிலை. ஒவ்வொரு சீசன் முடிவிலும் சில அணிகள் மேலே ஏறும், சில கீழே இறங்கும்.

லீக் டூவில் ஒவ்வொரு அணியும் 46 ஆட்டம் ஆட வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. முதல் 3 இடம் பிடித்தவர்கள் நேராக மேலே போவார்கள். 4 முதல் 7 வரை வந்த நான்கு அணிகள் பிளே-ஆஃப் ஆடி, அதில் ஜெயிக்கும் ஒரே ஒரு அணி மேலே போகும். கடைசி இரண்டு அணிகள் 92 பேர் கொண்ட இந்த வட்டத்திலிருந்தே வெளியேற வேண்டும்.

இதற்கு நடுவே கோப்பைப் போட்டிகளும் ஓடும். லீக் கோப்பையில் இந்த 92 கிளப்புகளும் உண்டு. எஃப்.ஏ. கோப்பையில் அதற்கும் கீழே உள்ள நூற்றுக்கணக்கான கிளப்புகளும் உண்டு. மூன்றாம், நான்காம் நிலை அணிகளுக்கென்றே தனியாக ஃபுட்பால் லீக் டிராஃபி என்று இன்னொன்றும் அப்போது இருந்தது. அந்த சீசனில் எல்லாமே நாக்-அவுட். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வழுக்கி விழுந்த கிளப்

பிராட்ஃபோர்ட் வடக்கு இங்கிலாந்தில் கம்பளி ஆலைகளால் வளர்ந்த ஊர். 1911-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிளப் இது. 1985 மே 11 அன்று அவர்களுடைய வேலி பரேட் மைதானத்தின் மர கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். அந்த ஊரில் கால்பந்து பற்றிய எந்தப் பேச்சும் அந்த நாளைத் தொடாமல் போகாது.

1999-இல் பிரீமியர் லீக்குக்கு ஏறினார்கள். முதல் வருடம் கடைசி நாளில் லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்துத் தப்பித்தார்கள். அந்த உற்சாகத்தில் பெரிய சம்பளத்துக்கு வீரர்களை வாங்கினார்கள். 2001-இல் கீழே இறங்கியதும் கடன் கழுத்தை நெரித்தது. 2002, 2004 என்று இரண்டு முறை திவால் நிர்வாகத்தின் கீழ் போனார்கள். 2004-இல் மூன்றாம் நிலை, 2007-இல் நான்காம் நிலை. ஆறே வருடத்தில் மாடியிலிருந்து தரைத்தளம். 2011 ஆகஸ்டில் ஃபில் பார்கின்சன் மேலாளராக வந்தார். அந்த சீசனில் லீக் டூவில் 18-ஆம் இடம். நம் கதை அதற்கு அடுத்த வருடம்.

கோப்பைப் பயணம்

லீக் கோப்பையில் அவர்கள் ஆடிய எட்டு ஆட்டங்களை வரிசையாகச் சொல்கிறேன். கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், பின்னால் கணக்குக்கு வேண்டும்.

முதல் சுற்றில் லீக் ஒன் அணியான நாட்ஸ் கவுண்டி. 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் ஜேம்ஸ் ஹேன்சன் அடித்த கோலில் 1-0. இரண்டாம் சுற்றில் சாம்பியன்ஷிப் அணியான வாட்ஃபோர்டை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று ஜெயித்தார்கள். மூன்றாம் சுற்றில் தங்கள் லீக்கிலேயே இருந்த பர்ட்டன் ஆல்பியன். 0-2 என்று பின்தங்கி, ஆட்டம் முடியும் தறுவாயில் நாக்கி வெல்ஸ் இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஸ்டீஃபன் டார்பி மூன்றாவதை அடித்தார்.

நான்காம் சுற்றிலிருந்து பிரீமியர் லீக் அணிகள். விகனுடன் 0-0, பெனால்டியில் 4-2. காலிறுதியில் ஆர்சனல். டிசம்பர் 11, வேலி பரேட். 16-ஆவது நிமிடத்தில் கேரி தாம்ப்சன் கோல் போட்டார். 88-ஆவது நிமிடத்தில் வெர்மேலன் சமன் செய்தார். பெனால்டியில் 3-2 என்று பிராட்ஃபோர்ட் ஜெயித்தது. ஆர்சனல் அன்று சின்னப் பையன்களை இறக்கவில்லை. வில்ஷர், கசோர்லா, பொடோல்ஸ்கி எல்லாரும் களத்தில் இருந்தார்கள். எதிரே இருந்த 11 பேரையும் சேர்க்க பிராட்ஃபோர்ட் கொடுத்த தொகை 7,500 பவுண்டு என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அதுவும் ஒரே ஒருவருக்கு, ஹேன்சனுக்கு. அவர் பகுதி நேரக் கால்பந்து ஆடிக்கொண்டு, சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கும் வேலை பார்த்தவர். மற்றவர்கள் இலவசமாகவோ இரவலாகவோ வந்தவர்கள், அல்லது கிளப்பிலேயே வளர்ந்தவர்கள்.

அரையிறுதி ஆஸ்டன் வில்லாவுடன் இரண்டு ஆட்டம். சொந்த ஊரில் வெல்ஸ், மெக்ஆர்டில், மெக்ஹியூ கோல் போட 3-1 வெற்றி. வில்லாவின் மைதானத்தில் 1-2 தோல்வி. கூட்டுத்தொகை 4-3. நான்காம் நிலை கிளப் ஒன்று இறுதிக்குப் போவது 1962-இல் ராச்டேலுக்குப் பிறகு இதுதான். அந்தக் காலத்தில் இறுதிப்போட்டி வெம்ப்ளியில் நடக்கவில்லை. எனவே வெம்ப்ளியில் ஒரு பெரிய கோப்பை இறுதிக்குப் போன முதல் நான்காம் நிலை கிளப் பிராட்ஃபோர்ட்தான்.

இறுதியில் ஸ்வான்சி 5-0 என்று ஜெயித்தது. கோல்கீப்பர் மேட் டியூக் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். ஆனாலும் பிராட்ஃபோர்ட் ரசிகர்கள் கொடிகளை அசைத்துக்கொண்டே நின்றார்கள்.

90 நிமிடக் கணக்கு

இப்போது ஒரு விளையாட்டு. கூடுதல் நேரத்தையும் பெனால்டியையும் மறந்துவிடுவோம். இந்த எட்டு ஆட்டங்களும் லீக் ஆட்டங்களாக இருந்திருந்தால், 90 நிமிட முடிவை வைத்து எத்தனை புள்ளி வந்திருக்கும்?

நாட்ஸ் கவுண்டி டிரா. வாட்ஃபோர்ட் வெற்றி. பர்ட்டன் டிரா. விகன் டிரா. ஆர்சனல் டிரா. வில்லா ஒரு வெற்றி, ஒரு தோல்வி. ஸ்வான்சி தோல்வி.

அதாவது 2 வெற்றி, 4 டிரா, 2 தோல்வி. 10 புள்ளி. ஆட்டத்துக்கு 1.25. அதே சீசனில் லீக்கில் அவர்கள் 46 ஆட்டங்களில் எடுத்தது 69 புள்ளி. ஆட்டத்துக்கு 1.5.

உலகமே வியந்த அந்தக் கோப்பைப் பயணம், லீக் கணக்கில் பார்த்தால் அவர்களுடைய சாதாரண சனிக்கிழமை ஆட்டங்களைவிடக் குறைந்த மதிப்பெண்! எதிரணிகள் எவ்வளவோ பலமானவை என்பது உண்மைதான். ஆனாலும் 90 நிமிடத்துக்குள் இரண்டே இரண்டு ஆட்டம் ஜெயித்து ஒரு அணி வெம்ப்ளிக்குப் போக முடிகிறது என்றால், அந்த அமைப்பு வேறு எதையோ அளக்கிறது என்றுதானே அர்த்தம்?

டிராவின் விலை

லீக் என்பது கூட்டல் கணக்கு. ஒரு நாள் சறுக்கினால் அடுத்த வாரம் ஈடுகட்டலாம். கோப்பை என்பது பெருக்கல் கணக்கு. நடுவில் ஒரே ஒரு பூஜ்யம் விழுந்தாலும் மொத்தமும் பூஜ்யம்.

இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாத பாதி டிராவில் இருக்கிறது.

ஒரு பலவீனமான அணி, ஒரு பலமான அணியோடு ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 நிமிடத்தில் ஜெயிக்க 10%, டிரா செய்ய 20%, தோற்க 70% வாய்ப்பு என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். லீக்கில் இந்த அணி சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது 0.5 புள்ளி. எதிரணிக்கோ 2.3. டிராவுக்கு லீக் கொடுக்கும் விலை, வெற்றியில் மூன்றில் ஒரு பங்கு.

கோப்பையில்? டிரா ஆனால் கடைசியில் பெனால்டி. பெனால்டியைப் பூவா தலையா என்று எடுத்துக்கொண்டால், டிராவின் விலை வெற்றியில் பாதி. அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு 10 + 10 = 20%. பலவீனமான அணி தாண்டிப் போகும் வழிகளில் சரிபாதி, ஜெயிக்காமல் தாண்டுவது. ஆகவே கோப்பையில் சின்ன அணியின் வேலை ஜெயிப்பது அல்ல. 90 நிமிடம் தோற்காமல் நிற்பது.

இதே வேலையை லீக்கில் செய்தால் என்ன ஆகும்? 46 ஆட்டத்தையும் டிரா செய்தால் 46 புள்ளி. அந்த வருடம் லீக் டூவில் கடைசி இடம் பிடித்த ஆல்டர்ஷாட்டே 48 புள்ளி எடுத்திருந்தது. அதாவது சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி, கடைசி இடத்தில் வந்து வெளியேற்றப்பட்டிருக்கும். கோப்பையில் அதே அணிக்கு ஒவ்வொரு சுற்றும் பாதிக்குப் பாதி.

பிராட்ஃபோர்டுக்கு இன்னொரு பலமும் இருந்தது. ஆர்சனலோடு ஆடியது அவர்கள் தொடர்ச்சியாக ஜெயித்த ஒன்பதாவது பெனால்டி ஷூட்-அவுட். பூவா தலையா என்றால் ஒன்பது முறை தொடர்ந்து தலை விழ 512-இல் ஒரு வாய்ப்பு. அதற்காக இதை மந்திரம் என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் 92 கிளப், பல பத்தாண்டு ஆட்டங்கள். அத்தனை பேரில் யாராவது ஒருவருக்கு இப்படி நடக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்று, எட்டு முறை ஜெயித்துவிட்டுப் பந்தை வைக்கப் போகிறவனின் கால் அவ்வளவாக நடுங்காது.

வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளுபவர்களுக்கு வில்லா ஆட்டம் பதில் சொல்லும். 3-1 என்பது பெனால்டி தந்த பரிசு இல்லை. கார்னர் வரும்போது உயரமான ஆட்கள் சரியான இடத்தில் நிற்பது, தலையால் முட்டுவது என்று பயிற்சியில் உழைத்த அணி அது. விகனையும் ஆர்சனலையும் தலா 120 நிமிடம் தாக்குப்பிடித்ததும் அதே உழைப்புதான். அதிர்ஷ்டம் கதவைத் தட்டலாம். கதவுவரை நடந்து போனவர்கள் அவர்கள்.

64 ஆட்டம்

கோப்பையில் முன்னேறுவதற்கு ஒரு விலை உண்டு. அந்த சீசனில் பிராட்ஃபோர்ட் ஆடிய மொத்த ஆட்டங்கள்: லீக் 46, லீக் கோப்பை 8, எஃப்.ஏ. கோப்பை 4, ஃபுட்பால் லீக் டிராஃபி 3, பிளே-ஆஃப் 3. கூட்டினால் 64. ஆகஸ்ட் 11 முதல் மே 18 வரை சரியாக 40 வாரம். சராசரியாக நாலரை நாளுக்கு ஒரு ஆட்டம். பிரீமியர் லீக் அணி என்றால் 25 பேரைச் சுழற்றி ஆடவைக்கலாம். நான்காம் நிலையில் அதே 14, 15 பேர்தான் சேற்றில் ஓட வேண்டும்.

எஃப்.ஏ. கோப்பையில் அலுவலகக் குளறுபடி ஒன்றும் நடந்தது. பிரென்ட்ஃபோர்டுடனான இரண்டாம் சுற்றில், இரவலாக வந்திருந்த, அந்த ஆட்டத்தில் ஆடத் தகுதியில்லாத வீரரை இறக்கிவிட்டார்கள். போட்டியிலிருந்தே நீக்கினார்கள். மேல்முறையீடு செய்ததும் 1,000 பவுண்டு அபராதத்தோடு திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆர்சனலை ஜெயித்து ஒரே வாரத்தில் நடந்த மறு ஆட்டத்தில் பிரென்ட்ஃபோர்டிடம் கூடுதல் நேரத்தில் 4-2 என்று தோற்றார்கள்.

சின்ன கிளப்புக்குக் கோப்பைப் பணம் உயிர்நீர் மாதிரி. இரண்டு முறை திவாலைப் பார்த்த கிளப்புக்குக் கேட்கவே வேண்டாம். டிக்கெட் வசூல், தொலைக்காட்சிப் பணம் எல்லாம் வந்தது. ஆனால் பணம் ஒரு முறைதான் வரும். நான்காம் நிலையிலேயே கிடந்தால் இரண்டு வருடத்தில் கரைந்துவிடும். அதனால்தான் வெம்ப்ளியில் 5-0 என்று தோற்றுத் திரும்பியவர்களுக்கு முன்னால் நின்ற கேள்வி, "நாம் மேலே போவோமா, மாட்டோமா?" என்பதுதான்.

ஏழாம் இடம்

46 ஆட்டம் முடிந்தபோது பிராட்ஃபோர்டின் கணக்கு 18 வெற்றி, 15 டிரா, 13 தோல்வி, 69 புள்ளி. ஏழாம் இடம், அதாவது பிளே-ஆஃபின் கடைசி நாற்காலி. எட்டாவதாக வந்த செஸ்டர்ஃபீல்டு 67. நேரடியாக ஏறியவர்களில் கடைசியான போர்ட் வேலுக்கு 78. இடைவெளி 9 புள்ளி. அந்த 15 டிராக்களில் ஐந்தை மட்டும் வெற்றியாக மாற்றியிருந்தால் 79 ஆகியிருக்கும். கோப்பையில் அவர்களைத் தூக்கிவிட்ட அதே டிரா, லீக்கில் காலைப் பிடித்து இழுத்தது.

பிளே-ஆஃப் என்பது லீக்கின் வாலில் ஒட்டப்பட்ட ஒரு குட்டிக் கோப்பை. ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை, புள்ளிப்பட்டியலில் எங்கே வந்தாலும் கடைசி வாரத்தில் எல்லாம் மாறும். அரையிறுதியில் பிராட்ஃபோர்டின் எதிரணி நான்காவதாக வந்த பர்ட்டன், 76 புள்ளி. செப்டம்பரில் 0-2-இலிருந்து மீண்டு ஜெயித்தார்களே, அதே பர்ட்டன். சொந்த ஊரில் பிராட்ஃபோர்ட் 2-3 என்று தோற்றது. பர்ட்டனுக்குப் போய் 3-1 என்று ஜெயித்தது. கூட்டுத்தொகை 5-4.

இறுதியில் ஆறாவதாக வந்த நார்தாம்ப்டன், 73 புள்ளி. இவர்களையும் ஏற்கெனவே எஃப்.ஏ. கோப்பை முதல் சுற்றின் மறு ஆட்டத்தில் பெனால்டியில்தான் தாண்டியிருந்தார்கள். இந்த முறை பெனால்டிவரை போகவில்லை. ஹேன்சன், மெக்ஆர்டில், வெல்ஸ். அரை மணி நேரத்துக்குள் 3-0. அதோடு ஆட்டம் முடிந்த மாதிரிதான். 64-ஆவது ஆட்டத்தில் பிராட்ஃபோர்ட் லீக் ஒன்னுக்கு ஏறியது.

இது நியாயமா? பர்ட்டன் ரசிகரைக் கேட்டால் இல்லை என்பார். ஒன்பது மாதம் உழைத்து 7 புள்ளி அதிகம் எடுத்தவர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். ஆனால் பிளே-ஆஃபை 1987-இல் கொண்டுவந்ததே வசந்த காலத்தில் நடுவரிசை அணிகளுக்கும் ஆட ஒரு காரணம் இருக்கட்டும் என்பதற்காகத்தான். அது இல்லாவிட்டால் ஏப்ரலில் பாதி அணிகளுக்கு ஆட்டம் சும்மா ஒரு சடங்கு. விதி எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. நியாயம் என்பதைவிட, எதை அளக்கிறோம் என்று ஒத்துக்கொண்டு ஆடுவதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்ணாடியில் விகன்

அக்டோபரில் பிராட்ஃபோர்ட் பெனால்டியில் வெளியேற்றிய விகனை ஞாபகம் இருக்கிறதா? அதே விகன் அதே சீசனில் மே 11 அன்று வெம்ப்ளியில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வென்றது. மூன்று நாள் கழித்து ஆர்சனலிடம் 4-1 என்று தோற்று, பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. ஒரே சீசனில் எஃப்.ஏ. கோப்பையும் வென்று கீழேயும் இறங்கிய முதல் கிளப் விகன்தான்.

பிராட்ஃபோர்ட் கோப்பை இறுதியில் தோற்று லீக்கில் ஏறியது. விகன் கோப்பை இறுதியில் ஜெயித்து லீக்கில் இறங்கியது. இரண்டு அளவுகோலும் ஒன்றையே அளப்பதாக இருந்தால் இப்படி நடக்காது.

பிராட்ஃபோர்டை 5-0 என்று அடித்த ஸ்வான்சியின் கதையும் இதில் சேரும். அதற்குப் பத்து வருடம் முன்பு, 2003-இல், ஸ்வான்சி இதே நான்காம் நிலையில் இருந்தது. கடைசி நாளில் ஜெயித்துத்தான் 92 பேர் வட்டத்துக்குள் தங்கியது. அங்கிருந்து படிப்படியாக ஏறி, 2011-இல் பிளே-ஆஃப் வழியாகவே பிரீமியர் லீக்குக்கு வந்தது. பிப்ரவரியில் வெம்ப்ளியில் நீல வானத்தைப் பார்த்த பிராட்ஃபோர்ட் ரசிகருக்கு, எதிரே நின்றது ஏணியின் அடியிலிருந்து ஏறி வந்த ஒரு கிளப்.

பிறகு என்ன ஆனது? 2015 ஜனவரியில் லீக் ஒன் அணியாக இருந்த பிராட்ஃபோர்ட், எஃப்.ஏ. கோப்பையில் செல்சியை அவர்கள் மைதானத்திலேயே 0-2-இலிருந்து மீண்டு 4-2 என்று வீழ்த்தியது. அதை இன்றும் காணொளிகளில் பார்க்கிறார்கள். 2019-இல் மறுபடி நான்காம் நிலைக்கு இறங்கினார்கள். அங்கிருந்து திரும்ப ஏற 2025 வரை ஆனது. அந்த ஆறு வருடத்தை யாரும் காணொளியாகப் போடவில்லை. ஒரு சின்ன கிளப்பை ஊருக்கு வெளியே உள்ளவர்கள் கோப்பையை வைத்து நினைவில் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் சனிக்கிழமைதோறும் போய் உட்காருவதோ புள்ளிப்பட்டியலுக்காக.